இரண்டாம் பந்தி

காலரா வார்டுக் கட்டிலின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அதற்கு நேர் கீழே அளவுக்கோடு போட்ட வாளி. நோய் முற்றியவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரைகூடப் பேதியாகும் என்பதால், வாளியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அதே அளவு நீரை உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்.

திருப்பிக் கொடுப்பதற்கான எளிய வழி கிடைத்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் திலீப் மஹலனோபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிவைத்துக் குடிக்கக் கொடுத்தார். சலைன் பாட்டிலுக்கு வழியில்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். இன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை அது. ஆனால் ஓ.ஆர்.எஸ்ஸுக்கு ஒரு குறை உண்டு. உயிரைக் காக்கும், பேதியை நிறுத்தாது. 'இத்தனை டம்ளர் கொடுத்தும் நிக்கலையே' என்று பயந்து குழந்தைக்குக் கொடுப்பதையே நிறுத்திவிடும் தாய்மார்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல்நோய் நிபுணர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் இந்தக் குறைக்கு வேறு திசையில் விடை தேடினார்கள். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது சிறுகுடலில். காலராக் கிருமி அட்டகாசம் செய்வதும் அங்கேதான். பெருங்குடலோ பெரும்பாலும் சும்மா இருக்கிறது. சாதாரண நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் அதற்கு வந்துசேரும். கட்டாயம் என்றால் அதைவிட மூன்று மடங்குக்குமேல் உறிஞ்ச அதற்குத் திராணி உண்டு. அந்தத் திராணியைத் தட்டி எழுப்புவது எப்படி?

மாவுதான் வழி. ஆனால் செரிக்கிற மாவு அல்ல, செரிக்காத மாவு. ஒருவகை மக்காச்சோள மாவு மனிதச் சிறுகுடலின் நொதிகளுக்கு மசியாமல் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்களைப் பெருங்குடல் உள்ளே இழுக்கும்போது கூடவே உப்பும், உப்பைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகும். காகிதத்தில் போட்ட கணக்கு இது. காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள்: வெறும் ஓ.ஆர்.எஸ்., அரிசி மாவு கலந்தது, செரிக்காத மாவு கலந்தது. வெறும் ஓ.ஆர்.எஸ். குடித்தவர்களுக்குச் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த பேதி, செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. பிறகு வேலூரிலேயே குழந்தைகளிடம் நடத்திய சோதனையிலும் பேதி சீக்கிரம் நின்றது.

அந்த மாவை உடைத்தது மருந்தும் அல்ல, நோயாளியின் உடம்பும் அல்ல. குடலில் குடியிருந்த பாக்டீரியாக்கள்.

குடல் பாக்டீரியா என்றதும் இன்று பலருக்கு ஞாபகம் வருவது சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் அடுக்கிய குட்டி பாட்டில்களும், 'உங்கள் குடலைச் சரிசெய்யுங்கள்' என்று கைப்பேசியில் வந்து விழும் விளம்பரங்களும்தான். வயிறு நிரம்பியவர்களின் பொழுதுபோக்கு போல அது ஆகிவிட்டது. உண்மையில் இந்த அறிவியலின் அசைக்க முடியாத பக்கங்கள் பலவும் எழுதப்பட்டது பேதியும் பசியும் உள்ள இடங்களில்: வேலூரில், டாக்காவின் குடிசைப் பகுதியில், ஒடிசா கிராமங்களில், ஆப்பிரிக்காவின் மலாவியில்.

மிச்சத்துக்குக் காத்திருப்பவை

கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்ததும் இரண்டாம் பந்தி உட்காரும். குடலிலும் அப்படித்தான். நாம் சாப்பிடுவதில் சர்க்கரை, வெந்த மாவு, புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சிறுகுடல் தன் பங்காக எடுத்துக்கொள்ளும். கீரைத் தண்டின் நார், பயறின் தோல், வாழைக்காயின் பிடிவாதமான மாவு, பழத்தின் பெக்டின் இவையெல்லாம் அதற்கு ஆகாது. தாவரங்களில் உள்ள சிக்கலான சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்க மனித மரபணுக்களிடம் இருக்கும் நொதிகள் இருபதுகூடத் தேறாது. பெருங்குடலில் வாழும் 'பாக்டீராய்டிஸ் தீட்டாஅயோட்டாமிக்ரான்' என்ற ஒரே ஒரு பாக்டீரியாவிடம் அப்படிப்பட்ட நொதிகள் 260-க்கு மேல் இருக்கின்றன. பெயரை உச்சரிப்பதே ஒரு செரிமான வேலை என்றாலும், அதன் சாமர்த்தியத்தை மறுக்க முடியாது.

பெருங்குடலில் உட்காரும் கூட்டம் எவ்வளவு பெரியது? மனித செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் உடம்பில் இருப்பதாகப் பாடப் புத்தகங்கள் பல காலம் சொல்லிவந்தன. 1972-இல் தாமஸ் லக்கி என்பவர் போட்ட தோராயக் கணக்கு அது. யாரும் சரிபார்க்காமலே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்கள். 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மைலோவும் சகாக்களும் உட்கார்ந்து எண்ணினார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி, மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. அத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடையும் கால் கிலோகூட வராது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. இரைப்பையின் அமிலத்திலும், உணவு விரைந்து ஓடும் சிறுகுடலிலும் அவ்வளவு கூட்டம் தங்க முடியாது.

நாரைப் புளிக்கவைத்து இவை வெளிவிடும் அமிலங்கள் முக்கியமாக மூன்று: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். இதில் பியூட்டிரேட்டுக்குத் தனி மரியாதை. உடம்பின் மற்ற செல்கள் ரத்தத்தில் வரும் குளுக்கோஸ் போன்றவற்றை நம்பியிருக்க, பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியைப் பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதாவது அந்தச் சுவருக்குச் சாப்பாடு போடுவதே இரண்டாம் பந்திதான். மொத்த உடம்புக்கும் வேண்டிய கலோரியில் பத்தில் ஒரு பங்குவரைகூட இந்த வழியில் வரலாம் என்பது கணிப்பு.

மொச்சைக் குழம்பு சாப்பிட்ட சாயங்காலம் வயிறு உப்புவதும் இதே விவகாரம்தான். மொச்சை, கொண்டைக்கடலை, காராமணி போன்றவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை வெட்டும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. பாக்டீரியாக்கள் வெட்டுகின்றன, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் வாயுவாக வெளிவருகின்றன. சங்கடம் மனிதருக்கு, விருந்து அவற்றுக்கு.

பந்திக்கு இலையே போடாவிட்டால்? அமெரிக்காவின் மிச்சிகனிலும் லக்சம்பர்க்கிலும் உள்ள ஆய்வாளர்கள், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றி, அந்த எலிகளுக்கு நார்ச்சத்து இல்லாத தீனியை மட்டும் போட்டார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: பசித்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப் படலத்தைத் தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்தது. பிறகு நோய்க்கிருமியைச் செலுத்தியபோது, நார் தின்ற எலிகள் தாக்குப்பிடித்த தொற்றை இந்த எலிகளால் தாங்க முடியவில்லை. எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மைதா பரோட்டாவையும் பாக்கெட் தீனியையும் மட்டும் நம்பி வாழும் குடலுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு சும்மா விடுவதில்லை.

யாருக்கு எந்த இலை பழக்கமோ அதற்கேற்பக் கூட்டமும் மாறும். ஜப்பானியரின் குடல் பாக்டீரியா ஒன்றிடம், சூஷியைச் சுற்றும் நோரிக் கடற்பாசியைச் செரிக்கும் நொதிக்கான மரபணு இருப்பதை 2010-இல் பிரான்ஸின் ரோஸ்காஃப் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மரபணு கடல் பாக்டீரியாவுக்குச் சொந்தமானது. பல தலைமுறைகளாகச் சுடாத பாசியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போன கடல் பாக்டீரியாவிடமிருந்து குடல் பாக்டீரியா அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அந்த மரபணு இல்லை.

வேலூரின் சிறுகுடல்

வேலூருக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு காலராவுக்கு முன்பே தொடங்கியது. 1960-களில் தென்னிந்தியக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற நோய் கொள்ளை நோய்போலப் பரவியது. ஓயாத பேதி, எடை இழப்பு, ரத்தசோகை. செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் ஆகியோர் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அதிகம் இருக்கக் கூடாத சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. பாக்டீரியாவில் நல்லது, கெட்டது என்று இரண்டு ஜாதி கிடையாது; எந்த இடத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்த ஆராய்ச்சியின் ஓரத்தில் முளைத்த ஒரு கேள்வி இன்னும் சுவாரசியமானது. வைட்டமின் பி12 தாவர உணவில் கிடையாது. அதை உருவாக்கத் தெரிந்தவை பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே. பெருங்குடலில் அவை தாராளமாகவே உருவாக்குகின்றன. ஆனால் பி12-ஐ உடம்பு உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பெருங்குடல் அதற்கும் கீழே இருக்கிறது. அங்கே தயாராகும் பி12 மேலே ஏறி வராது, மலத்தோடு போய்விடும். அப்படியென்றால் பால், முட்டை, மீன் என்று எதுவும் அதிகம் கிடைக்காத கிராமத்து மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? எம்.ஜே.ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் 'நேச்சர்' இதழில் ஒரு பதில் சொன்னார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியரின் சிறுகுடலிலேயே ஓரளவு பாக்டீரியாக்கள் உண்டு; அவற்றில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகைகள் குறிப்பிடத்தக்க அளவு பி12 தயாரிக்க வல்லவை. உறிஞ்சும் இடத்துக்கு மேலேயே தயாரிப்பு.

இதைப் படித்துவிட்டுச் சைவ உணவுக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இந்தியாவில் பி12 குறைபாடு சகஜம். குடலுக்குள் நடக்கும் இந்தத் தயாரிப்பு எல்லாருக்கும் போதுமானதாக இருந்தால் கை கால் மரத்துப்போய் ஊசி போட வருகிறவர்கள் இத்தனை பேர் இருக்க மாட்டார்கள்.

தாய்ப்பாலில் குழந்தைக்கு அல்லாதது

1900-ஐ ஒட்டிப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸியே என்ற மருத்துவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இரு கிளையாகப் பிரிந்த பாக்டீரியா ஒன்று நிறைந்திருப்பதைக் கண்டார். இன்றைக்கு அதன் பெயர் பிஃபிடோபாக்டீரியம். அது ஏன் அங்கே அப்படிக் கொழிக்கிறது என்பதற்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். இருநூறு வகைக்கு மேல் கண்டறிந்திருக்கிறார்கள். விநோதம் என்னவென்றால், அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. தாயின் உடம்பு சிரமப்பட்டுத் தயாரிக்கும் அந்தச் சரக்கு பிஃபிடோபாக்டீரியத்துக்கானது. அது செழித்தால் நோய்க்கிருமிகளுக்கு இடம் இருக்காது.

இந்தத் தர்க்கத்தை ஒடிசாவில் சோதித்தார் பினாகி பாணிக்ரஹி. பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவும் 'செப்சிஸ்' இந்தியக் கிராமங்களில் பல உயிர்களைக் குடிக்கிறது. எந்த பாக்டீரியாவைக் கொடுத்தால் பிஞ்சுக் குடலில் நிலைத்துத் தங்கும் என்பதைத் தேடி அவர் பல ஆண்டுகள் செலவழித்தார். கடைசியில் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்குத் தீனியாக ஒரு தாவரச் சர்க்கரை. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகள் சோதனையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஏழு நாள் இந்தக் கலவை, மீதிப் பேருக்கு வெறும் பொய்மருந்து. இரண்டு மாதம் கவனித்தபோது, பொய்மருந்து பெற்றவர்களில் செப்சிஸும் மரணமும் சேர்ந்து 9 சதவீதம். கலவை பெற்றவர்களில் 5.4 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2017-இல் 'நேச்சரில்' வந்த இந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது.

அவசரப்பட்டுப் பொதுமைப்படுத்த வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் 1,300-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வேறொரு பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு வந்தது. ஒரு பலனும் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் இத்தகைய பொருள் ஒன்றைப் பெற்ற குறைமாதக் குழந்தை இறந்த பிறகு, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளை எச்சரித்தது. ஒடிசாவில் பலன் தந்தது, நன்மைக்காகக் கொடுக்கும் பாக்டீரியாக்களைக் குறிக்கும் 'ப்ரோபயாடிக்' என்ற பொதுப்பெயர் அல்ல. நிறைமாதமாகவோ அதை ஒட்டியோ பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கொடுத்த ஒரு குறிப்பிட்ட ரகம்.

வளராத குழந்தை, வளராத கூட்டம்

பாக்டீரியாக்களைப் பற்றிப் பேசும் இந்த அறிவியலில் ஒரே ஒரு அத்தியாயத்தைத்தான் படிக்க நேரம் என்றால், டாக்காவின் மீர்பூர் பகுதியில் நடந்ததைப் படிக்கலாம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குடல் பாக்டீரியா ஆராய்ச்சியின் பீஷ்மர். ஆரம்பத்தில் அவருடைய குழுவின் பெயர் அடிபட்டது உடல்பருமன் விஷயத்தில். குண்டான எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியில்லாத எலிக்கு மாற்றினால் அதுவும் கூடுதலாகக் கொழுப்பு சேர்க்கிறது என்ற 2006 ஆய்வு தலைப்புச் செய்தியானது. பணக்கார நாடுகளின் கவலை அது. பிறகு அவர் பார்வை எதிர்ப்பக்கம் திரும்பியது. மலாவியில் 317 இரட்டையர் ஜோடிகளை மூன்று வயதுவரை தொடர்ந்தார்கள். ஒரே தாய், ஒரே குடிசை, ஒரே சாப்பாடு. ஆனால் சில ஜோடிகளில் ஒரு குழந்தை நன்றாக இருக்க, மற்றதற்கு உடம்பு வீங்கும் குவாஷியோர்கர் என்ற ஊட்டச்சத்துக் குறைவு நோய் வந்தது. நோயுற்ற குழந்தையின் பாக்டீரியாக்களைப் பெற்று மலாவி உணவைத் தின்ற எலிகள் எடை இழந்தன. சோறு போதாமை மட்டுமே ஊட்டச்சத்துக் குறைவு ஆகாது என்பதற்கு அழுத்தமான சாட்சி அது.

டாக்காவில் கார்டனுடன் கைகோத்தவர் ஐசிடிடிஆர்பி என்ற சர்வதேசப் பேதி நோய் ஆய்வு மையத்தின் தஹ்மீத் அஹமது. நன்கு வளரும் குழந்தைகளின் மலத்தை மாதாமாதம் ஆராய்ந்து, எந்த மாதத்தில் எந்த பாக்டீரியாக்கள் வந்து சேர்கின்றன என்று ஓர் அட்டவணை போட்டார்கள். ஊட்டச்சத்து குறைந்த குழந்தைகளை அதில் வைத்துப் பார்த்தபோது, குழந்தைக்கு ஒன்றரை வயது என்றால் அதன் பாக்டீரியாக் கூட்டம் அதைவிடச் சின்ன வயதிலேயே நின்றுபோயிருந்தது. வழக்கமான ஊட்டச்சத்துப் பசையைக் கொடுத்தால் சில வாரம் முன்னேறும், நிறுத்தியதும் பழைய நிலைக்கே போகும். குழந்தைக்குச் சாப்பாடு போட்டார்கள். அதன் பாக்டீரியாக்களுக்குப் போடவில்லை.

எந்த உணவு அந்தக் கூட்டத்தை வளர்க்கும்? கிருமியில்லாத எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் வங்கதேச வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வென்ற கலவையில் இருந்தவை கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய். மீர்பூரில் 12 முதல் 18 மாதம் வரையிலான 123 குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதை மூன்று மாதம் தினம் இரண்டு வேளை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அரிசி, பருப்பு, பால்பொடி கலந்த வழக்கமான சத்துணவு. புதிய கலவையில் கலோரி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியிருந்தும் அதைச் சாப்பிட்ட குழந்தைகள் வேகமாக எடை கூடினார்கள். எலும்பு வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்புள்ள புரதங்கள் ரத்தத்தில் கூடின. 2021-இல் முடிவுகள் வெளியாயின. கலவையின் சர்க்கரைச் சங்கிலிகளை உடைத்து இந்தப் பலனுக்குத் துணைபோனது பிரெவோட்டெல்லா கோப்ரி என்ற பாக்டீரியாவின் சில ரகங்கள் என்பதும் அடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. தாவர உணவைச் சார்ந்த இந்தியக் குடல்களிலும் பிரெவோட்டெல்லா இனத்தின் ஆதிக்கம்தான்.

குறைந்த கலோரியில் கூடுதல் வளர்ச்சி என்பது சத்துணவுத் திட்டம் போடுகிற எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டிய செய்தி. கலோரியையும் புரதத்தையும் மட்டும் எண்ணும் அட்டவணைகளில் பாக்டீரியாவுக்கு இன்னும் ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.

பாட்டிலுக்குள் அடைத்தது

பாட்டில் வியாபாரத்துக்கும் ஒரு பாரம்பரியம் உண்டு. 1908-இல் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற இலியா மெட்ச்னிகாஃப், பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பால் காரணம் என்று நம்பினார். பெருங்குடலில் நடக்கும் அழுகலே முதுமையைக் கொண்டுவருகிறது, பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா அதைத் தடுக்கும் என்பது அவர் வாதம். ஐரோப்பாவே தயிர் குடிக்க ஆரம்பித்தது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் ஒரு லாக்டோபேசில்லஸ் ரகத்தை வளர்த்தெடுக்க, 1935-இல் யாகுல்ட் சந்தைக்கு வந்தது. மெட்ச்னிகாஃப் தினமும் புளித்த பால் குடித்து 71 வயதுவரை வாழ்ந்தார்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கூடவே ஒரு ப்ரோபயாடிக் மாத்திரை எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. வைஸ்மன் நிறுவனத்தின் எரான் எலினாவ் குழு 2018-இல் இதையே சோதித்தது. ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் ஒரு பிரிவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு பிரிவுக்கு 11 ரகம் கொண்ட ப்ரோபயாடிக். மூன்றாவது பிரிவுக்கு மருந்துக்கு முன்பே எடுத்துவைத்த அவரவர் மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியாக்கள். மூன்றாவது பிரிவு சில நாளில் பழைய நிலைக்கு வந்தது. ப்ரோபயாடிக் பிரிவுதான் எல்லாரையும்விட மெதுவாகத் தேறியது. வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரர்களைத் திரும்ப விடவில்லை. பங்கேற்றவர்கள் இருபது பேர் அளவே என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் அமெரிக்கக் குடல்நோய் நிபுணர்கள் சங்கமும் 2020-இல் சான்றுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரும்பாலான குடல் கோளாறுகளுக்கு ப்ரோபயாடிக்கைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றே சொன்னது.

மலத்திலிருந்து மருந்தா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங் கடும் பேதிக்கு மலக் கரைசலைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். நவீன மருத்துவத்தில் அது அழுத்தமாக நுழைந்தது குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றின் வழியாக. ஆன்டிபயாடிக்கால் மற்ற பாக்டீரியாக்கள் அழிந்த குடலில் இது ஆட்டம் போடும். மறுபடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் சற்றுப் பதுங்கி மறுபடி கிளம்பும். 2013-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் 16 பேருக்கு ஆரோக்கியமானவரின் மலக் கரைசலை மூக்கு வழிக் குழாயில் செலுத்தினார்கள். முதல் தடவையிலேயே 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானது நாலே பேர். 2023-இல் அமெரிக்காவில் இது மாத்திரை வடிவிலும் அனுமதி பெற்றுவிட்டது. ஆபத்து இல்லாமல் இல்லை: 2019-இல் அங்கே சரியாகச் சோதிக்காத மலத்திலிருந்து வந்த, மருந்துக்கு அடங்காத ஈ.கோலி பாக்டீரியாவால் ஒரு நோயாளி இறந்தார்.

மனச்சோர்வு, ஆட்டிசம், மறதி என்று எதைச் சொன்னாலும் குடல் பாக்டீரியாவைக் கைகாட்டும் காலம் இது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பாக்டீரியாக்கள் வேறுபட்டிருப்பது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 247 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு காரண காரியத்தைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது: அந்தக் குழந்தைகள் சில உணவுகளை மட்டுமே ஏற்கிறார்கள், அதனால்தான் பாக்டீரியா வகைகள் குறைகின்றன. பாக்டீரியாதான் ஆட்டிசத்தைக் கொண்டுவருகிறது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.

நம் ஊர் ஆசாமி ஒருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்: பழைய சோறு. இட்லி மாவைப் பொங்கவைப்பது லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை வெந்துவிடும். பழைய சோற்றை ஊறிய பிறகு யாரும் வேகவைப்பதில்லை. எனவே புளிக்கவைத்த பாக்டீரியாக்கள் உயிரோடு வயிற்றுக்குப் போகின்றன. தவிர, வெந்து ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி இறுகிச் சிறுகுடலுக்கு மசியாத மாவாகிவிடும். பாக்டீரியாவும் அதன் தீனியும் ஒரே சட்டியில். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவை சிகிச்சைத் துறை இதை நோயாளிகளிடம் முறைப்படி ஆராய முனைந்தது வரவேற்க வேண்டிய காரியம். 'பாட்டி அன்றே சொன்னாள்' என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதற்கும் மருத்துவமனையில் அளந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. புளித்த உணவுக்குப் பொதுவாக நல்ல சகுனம் தெரிகிறது. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் பத்து வாரம் நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனையில், தயிர், கிம்ச்சி போன்றவற்றை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு பாக்டீரியா வகைகள் கூடின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. நாரை மட்டும் கூட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பத்து வாரத்தில் வகைகள் கூடவில்லை. நாரைத் தின்னும் பாக்டீரியா ஏற்கெனவே தொலைந்துபோன குடலில் நாரைக் கொட்டி என்ன பயன் என்பது ஆய்வாளர்கள் எழுப்பும் சந்தேகம்.

கூட்டம் மாறுவதும் தொலைவதும் எவ்வளவு சீக்கிரம் நடக்கின்றன? இதய நோய்க்குத் தரும் டிகாக்சின் மருந்தைச் சிலரின் குடல் பாக்டீரியாக்கள் செயலிழக்கச் செய்துவிடும். 1989-இல் வேலூரின் மாத்தனும் நியூயார்க் ஆய்வாளர்களும் தென்னிந்தியரையும் நியூயார்க்வாசிகளையும் ஒப்பிட்டார்கள். நியூயார்க்வாசிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்தத் திறன் இருந்தது. தென்னிந்தியர்களில் ஏழில் ஒருவருக்குத்தான். தென்னிந்தியர்களுக்குள்ளும் கிராமத்தாரைவிட நகரத்தாரிடம் கூடுதல். அதே இனம், அதே மொழி. நகர வாழ்வில் வயிற்றுக்குள் கூட்டம் வேறாகியிருந்தது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேன் நைட்ஸ் குழு 2018-இல் இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. தாய்லாந்தில் வாழ்பவர்களும் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களும் அங்கே பிறந்த பிள்ளைகளுமாக மோங், கரேன் இனத்தவர் ஐந்நூறு பேருக்கு மேல் ஆய்வில் இருந்தார்கள். குடியேறியவர்களிடம், போய் இறங்கிய ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் பிரெவோட்டெல்லா பின்வாங்கி, பாக்டீராய்டிஸ் முன்னுக்கு வரத் தொடங்கியது. தாவர நாரை உடைக்கும் நொதிகள் காணாமல் போயின. இருந்த ஆண்டுகள் கூடக் கூட இழப்பும் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடம் வகைகள் அதைவிடவும் குறைவு. சாப்பாடு மாறியது ஒரு காரணம். ஆனால் மாறிய சாப்பாட்டைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இழப்பின் ஒரு பகுதி விளக்கமில்லாமல் மிஞ்சியது.